மருந்து தின்னி

தம்பிக்காரன் வாய் சும்மா இருக்காது. "உங்க அக்கா என்ன வேலை பாக்குறாங்க?" என்று யாராவது அவனிடம் கேட்டுவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவான். "ஊரே கிருமியக் கொல்லணும்னு அலையுது. இவ மட்டும் அதுக்குத் தட்டுல சாப்பாடு போட்டு, கதகதப்பா மூடி வச்சு, காலைல நல்லா வளந்திருக்கான்னு போய்ப் பாப்பா. இதுக்கு மாசச் சம்பளம் வேற." கேட்டவர்கள் சிரிப்பார்கள். அக்காக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். உள்ளுக்குள் பெருமைதான், ஏனென்றால் அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வகத்தில், நோயாளிகளின் இரத்தத்திலும் சிறுநீரிலும் சீழிலும் இருக்கும் கிருமியை வளர்த்து, அது எந்த மருந்துக்குச் சாகும், எதற்குச் சாகாது என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை.

இப்போது அவள் மேசை மேல் தட்டில் வளர்ந்து கிடந்தது அந்தத் தம்பியின் இரத்தத்திலிருந்து வந்த கிருமி.

அவன் கொத்தனார். பிறக்கும்போதே இதய வால்வு ஒன்று கொஞ்சம் கோணல் என்று எப்போதோ ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் எந்தத் தொந்தரவும் இல்லாததால் வீட்டில் எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்து, குழாய் விட்டு அதை எடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த காய்ச்சல் விட்டபாடில்லை. வெயிலில் நிற்கிற உடம்பு, காயத்தான் செய்யும் என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். ஒருநாள் சாரத்தில் ஏறியவன் மூச்சு வாங்கிப் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஸ்கேனில் பார்த்தபோது அந்தக் கோணல் வால்வின் மேல் ஏதோ ஒன்று வளர்ந்து, இதயம் துடிக்கும்போதெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது.

அது என்டெரோகாக்கஸ். மணி மணியாகக் கோத்த மாதிரி இருக்கும் கிருமி. நம் எல்லோருடைய குடலிலும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. அங்கே இருக்கும்வரை சாது. இரத்தத்தில் இறங்கி இதயத்தில் ஒட்டிக்கொண்டால் ஆளையே தூக்கிவிடும். அதற்குப் பென்சிலின் குடும்பத்து மருந்தான ஆம்பிசிலின் கேட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. கேட்குமா என்று பார்க்கும் சோதனையை அக்காக்காரி தன் கையாலேயே வைத்தாள். வேறு யாரையும் தொடவிடவில்லை.

சோதனை பெரிய வித்தை ஒன்றுமில்லை. கிருமியைக் கொஞ்சம் எடுத்து உப்புநீரில் கரைக்க வேண்டும். அதைத் தட்டில் பூசி, நடுவில் மருந்து தோய்த்த சின்ன வில்லையை வைத்து, சூட்டுப் பெட்டிக்குள் ஒரு ராத்திரி விட வேண்டும். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, வெறும் வட்டம் தெரியும். கேட்காவிட்டால் கிருமி வில்லையை முட்டிக்கொண்டு வளர்ந்து நிற்கும். எல்லாம் அந்தக் கரைசலில்தான் இருக்கிறது. எவ்வளவு கலங்கலாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரிக் குழாய் உண்டு. அதைவிடத் தெளிவாகவும் இருக்கக் கூடாது, கெட்டியாகவும் இருக்கக் கூடாது. அக்காக்காரியின் கலங்கல் ஒருநாளும் தவறியதில்லை. வெளியூர்களிலிருந்து பயிற்சிக்கு வருகிறவர்களை அவளிடம்தான் அனுப்புவார்கள்.

அதே ஆய்வகத்தில் இன்னொருவர் இருந்தார். நல்ல மனிதர், கலகலப்பானவர், வேலையில் மட்டும் அவசரக் குடுக்கை. கண்ணளவில் கிருமியை அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுவார். அவர் கரைசல் பாயசம் மாதிரி இருக்கும். அதனால் அவருக்குக் கெட்டிக்கை என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் வைத்த தட்டுகளைக் காலையில் பார்த்துக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பச் செய்வது அக்காக்காரிக்குப் பழகிய வேலை. அவரும் கோபித்துக்கொண்டது கிடையாது.

தம்பியின் தட்டை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வில்லையைச் சுற்றி அகலமாக, அழகாக ஒரு வெற்று வட்டம். அவளுக்கு உயிர் வந்தது. லிஃப்ட்டுக்குக்கூட நிற்காமல் படியேறி வார்டுக்கு ஓடினாள். வெளியே பெஞ்சில் தம்பி பெண்டாட்டி முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல சேதிம்மா. மருந்து கேக்குது. நானே பாத்துட்டேன்."

"நெஜமாவா அண்ணி?"

"நெஜமாத்தான். இனிமே பயப்படாத. கொஞ்ச நாள் ஊசி போடணும், அவ்வளவுதான்."

அவள் அக்காக்காரியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஊசி ஆரம்பித்ததும் காய்ச்சல் இறங்கியது. தம்பி எழுந்து உட்கார்ந்து, வார்டின் சுவர்ப் பூச்சு சரியில்லை என்று நர்ஸிடம் குறை சொன்னான். எந்தக் கொத்தன் பூசினானோ அவனை ஒரு பிடி பிடித்தான். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. பிறகு ஒரு மத்தியானம் பல் கிட்டிக் கட்டில் அதிர நடுங்கினான். காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது, முன்னைவிட அதிகமாக.

திரும்பவும் இரத்தம் எடுத்துக் கீழே அனுப்பினார்கள். திரும்பவும் அதே கிருமி வளர்ந்தது. இவ்வளவு மருந்து ஏறிய இரத்தத்தில் அது எப்படி உயிரோடு இருக்கிறது என்று அக்காக்காரிக்குப் புரியவில்லை. அன்றைக்குத் தம்பியை மறுபடி ஸ்கேனுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்ததால், மருந்துச் சோதனையைக் கெட்டிக்கை வைத்தார்.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து அந்தத் தட்டை எடுத்தாள். வட்டம் இல்லை. ஆம்பிசிலின் வில்லையைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு கிருமி வளர்ந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் தட்டைச் சரியாகப் பார்த்தாள். ஒரு கிருமிக்கும் அடுத்த கிருமிக்கும் இடைவெளி தெரியாமல் சுண்ணாம்பு அடித்த மாதிரி அப்பிக் கிடந்தது. பயம் போன வேகத்தில் கோபம் வந்தது.

"ஏம்ப்பா, என் தம்பி தட்டையுமா இப்படிப் பண்ணுவ? ஒரு நிமிஷத்துல என் உசுரே போயிருச்சு!"

கெட்டிக்கை தலையைச் சொறிந்தார். "இல்லங்க, இந்தத் தடவை பாத்துத்தான் கலக்கினேன்..."

"நீ பாத்த லட்சணம் தெரியுதே."

தட்டைக் கழிவுப் பையில் விட்டெறிந்தாள். மாதிரிக் குழாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கலங்கலை இம்மியும் பிசகாமல் பொருத்தி, புதிதாகத் தட்டு வைத்தாள். அடுத்த நாள் அகலமான வெற்று வட்டம். மருந்து கேட்கிறது என்று மறுபடியும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினாள்.

இதய டாக்டர் அந்த அறிக்கையை நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? "மருந்து சரியாத்தான் போகுது. எங்கயாவது சீழ் கோத்திருக்கும், தேடிப் பாப்போம்" என்றார். வயிற்றில் தேடினார்கள், முதுகெலும்பில் தேடினார்கள், பல்லில்கூடத் தேடினார்கள். தம்பியின் கன்னம் ஒட்டிப்போனது. படுத்தால் மூச்சு முட்டியது. இரவும் பகலும் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே இருந்தான். இறங்குகிற ஒவ்வொரு சொட்டும் மருந்து என்றே அக்காக்காரி நம்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த மருந்து என்னதான் பண்ணும்?" என்று ஒருநாள் கேட்டான். பேச்சுக்கு நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு எடுத்தான்.

"கிருமிக்குச் சுத்தி ஒரு சுவர் இருக்குடா. அதைக் கட்டுறதுக்குன்னே அதுக்குள்ள கொத்தனாருங்க இருக்காங்க. இந்த மருந்து போய் அந்தக் கொத்தனார் கையப் புடிச்சுக்கும். சுவர் எழும்பாது, கிருமி வெடிச்சிரும்."

"அடப்பாவமே, நம்மாளுங்களா?" என்று சிரிக்கப் பார்த்தான். "கை மாட்டாத கொத்தனாரும் இருப்பான்ல?"

"இருப்பான். சில கிருமி கையோட அமைப்பையே மாத்திக்கும், மருந்தால புடிக்க முடியாது. அந்த மாதிரி ஆளா இருந்தா எங்க தட்டுல தெரிஞ்சிரும். உன்னுது அது இல்லை."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் போர்வையை இழுத்துவிட்டாள். உன்னுது அது இல்லை என்று சொன்ன தன் குரல் அவளுக்கே சப்பென்று இருந்தது.

அன்று சாயங்காலம் இதய டாக்டர் அவளைக் கூப்பிட்டுப் புது ஸ்கேனைக் காட்டினார். வால்வின் மேல் இருந்தது பெரிதாகியிருந்தது.

"கட்டைவிரல் நுனி அளவுக்கு வந்திருச்சு. இதுல ஒரு துண்டு பிச்சுக்கிட்டு மூளைக்குப் போனா அப்புறம் நம்ம கையில எதுவும் இல்லை. ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். ஆனா உள்ள கிருமி இவ்வளவு உயிரோட இருக்கும்போது புது வால்வு வச்சா, அதுலயும் போய் உக்காந்துக்கும். இதுக்குள்ள பாருங்க, கோடிக் கணக்குல நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கு."

அவள் திரையையே பார்த்தாள். கறுப்பும் வெளுப்புமாக அந்தக் கட்டி ஆடிக்கொண்டிருந்தது. நெருக்கியடித்துக்கொண்டு என்று டாக்டர் சொன்னது அவள் காதை விட்டுப் போகவில்லை. தன் தட்டில் நெருக்கம் இல்லை. மாதிரிக் குழாயைப் பார்த்து அளந்து, கொஞ்சமாகக் கரைத்து, பரவலாகப் பூசிய கூட்டம் அது. தம்பியின் இதயத்தில் இருப்பது அளந்து வைத்த கூட்டம் இல்லை. அது கெட்டிக்கையின் தட்டு.

டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்தாள். தான் தூக்கியெறிந்த தட்டு ஒன்றுதான் உண்மையைச் சொல்லியிருக்கிறது. நேர்த்தியாக வைத்த இரண்டு தட்டுகளும் அவளை ஏமாற்றிவிட்டன.

கழிவுப் பை இருக்குமா என்று கீழே போய்ப் பார்த்தாள். இருக்குமா என்ன? என்றைக்கோ ஆவியில் வேகவைத்துக் கொட்டியாகிவிட்டது. ஆய்வகத்துக்குத் தலைவியான மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார்.

"மேடம், அந்த மஞ்சள் டிஸ்க் போட்டுப் பாக்கணும். என் தம்பி கிருமிக்கு."

அந்த மஞ்சள் வில்லை வேறு சில கிருமிகளுக்குத் தினமும் போடுவதுதான். மருந்து உடம்புக்குள் வந்ததும் அதை வெட்டிச் சாப்பிட்டுவிடும் ஒரு பொருளைச் சில கிருமிகள் தயாரிக்கும். அது இருந்தால் வில்லை சிவந்துவிடும். ஒரு காலத்தில் இரத்தத்தில் வரும் என்டெரோகாக்கஸுக்கும் போட்டார்கள். ஒருதடவைகூட சிவந்ததில்லை. "இது எப்பவும் மஞ்சள்தான் மேடம், எதுக்கு வேஸ்ட்டா?" என்று ஒரு கூட்டத்தில் அக்காக்காரியே சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அதோடு நின்றுபோனது.

"போடு" என்றார் மேடம்.

வில்லையை நனைத்துக் கண்ணாடி மேல் வைத்தாள். பாதுகாத்து வைத்திருந்த தம்பியின் கிருமியைக் குச்சியில் வழித்து அதன்மேல் தேய்த்தாள். கெட்டிக்கையும் பக்கத்தில் வந்து நின்றார். மூன்று பேரும் ஒரு சின்ன மஞ்சள் பொட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சளாகவே இருந்தது. அது மஞ்சளாகவே இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அடுத்த கணமே, மஞ்சளாக இருந்தால் காரணமே தெரியாமல் அவன் போய்விடுவானே என்று வேறொரு பயம் வந்தது. எதை வேண்டிக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

ஓரத்தில் லேசாக ஆரஞ்சு ஏறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேய்த்த இடம் முழுக்கச் சிவந்தது.

கெட்டிக்கை, "ஐயையோ" என்றார்.

"மருந்தத் தின்னுது" என்றார் மேடம். குரல் இறங்கிப்போயிருந்தது. "இதுக்கு இது பொறந்த புத்தி இல்லை. குடல்ல பக்கத்துல இருந்த வேற ஒரு கிருமிக்கிட்ட இருந்து வாங்கியிருக்கும். கையை மாத்திக்கிற ஆளுன்னா தட்டுலயே மாட்டிருப்பான். இது கொஞ்சம் கொஞ்சமாத்தான் தின்னும். நாலு பேரா இருந்தா மருந்து ஜெயிச்சிரும், வட்டம் அழகா விழும். கூட்டமா இருந்தா எல்லாம் சேர்ந்து மருந்தக் காலி பண்ணிரும். நம்ம அளவுக்குக் கரைச்சா தெரியவே தெரியாது."

அக்காக்காரி அழவில்லை. அழுகை வருகிற இடத்தையெல்லாம் பயம் அடைத்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளாகத் தம்பியின் நரம்பில் ஏறியது மருந்தே இல்லை, அந்தச் சனியனுக்குத் தீனி. தீனி போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் அவள்.

மேடம் அங்கிருந்தே இதய டாக்டருக்குப் போன் செய்தார். மருந்து மாறியது. ஆம்பிசிலினோடு, அந்தத் தின்னியின் வாயைக் கட்டிப்போடும் இன்னொரு மருந்தையும் சேர்த்து ஏற்ற ஆரம்பித்தார்கள். ஆபரேஷனுக்கும் நாள் குறித்தார்கள்.

"என்னக்கா, திடீர்னு பாட்டில மாத்துறாங்க?" என்றான் தம்பி.

அவள் மறைக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கெட்டிக்கையின் தட்டு, அதைத் தூக்கியெறிந்தது, மஞ்சள் வில்லை சிவந்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அவன் விரல் நகத்தில் ஒட்டியிருந்த பழைய சிமென்ட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

திட்டமாட்டானா என்று இருந்தது அவளுக்கு.

"அந்த ஆளு பேரென்ன, கெட்டிக்கையா?" என்றான் கடைசியில். "நம்ம சைட்டுக்கு வரச் சொல்லு. கலவையத் தண்ணியாக் கலக்குறவனா வந்து தொலைக்கிறானுங்க. கெட்டியாக் கலக்குறவனுக்குத்தான் ஆளு தேடிக்கிட்டு இருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு முடிவதற்குள் அவன் அவள் விரலை இறுக்கிப் பிடித்தான். கை கொதித்தது.

"பயமா இருக்குக்கா. பொண்டாட்டிகிட்ட சொல்லாத."

ஆபரேஷன் முடிந்த அன்று ஒரு சின்ன பாட்டில் ஆய்வகத்துக்கு வந்தது. மேலே தம்பியின் பெயர் ஒட்டியிருந்தது. உள்ளே அவன் இதயத்திலிருந்து வெட்டியெடுத்த வால்வு, அழுக்குப் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு, நீரில் கிடந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரின் துண்டுகள் அந்த மேசைக்கு வந்திருக்கின்றன. ஒன்றுகூட அவளைப் பார்த்ததில்லை. இது பார்த்த மாதிரி இருந்தது. கெட்டிக்கை வந்து அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டார். "நீங்க போய் அவர்கிட்ட இருங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போனாள்.

புது மருந்து வேலை செய்திருந்தால் அந்தத் துண்டில் உயிருள்ள கிருமி இருக்கக் கூடாது. இருந்தால் புது வால்வும் போச்சு, ஆளும் போச்சு. தட்டுகள் பெட்டிக்குள் இருந்த நாட்களில் அவளால் ஒரு கவளம் இறக்க முடியவில்லை. பெட்டிக் கதவு திறக்கும் ஓசை கேட்டாலே எழுந்து நின்றுவிடுவாள். கெட்டிக்கை ஒவ்வொரு காலையும் அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, ஒன்றுமில்லை என்று சைகை காட்டினார். இன்னும் ஒருநாள் பார்ப்போம் என்றார் மேடம். அதற்கும் அடுத்த நாளும் தட்டுகள் துடைத்து வைத்த மாதிரி இருந்தன.

அவள் மேலே போனாள். தம்பியைத் தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். தம்பி பெண்டாட்டி அதே பெஞ்சில் இருந்தாள்.

"வால்வுல எதுவும் வளரலம்மா."

அவள் மிரண்டு பார்த்தாள். "வளரலைன்னா நல்லதா கெட்டதா அண்ணி?"

"நல்லதும்மா. ரொம்ப நல்லது. கிருமி செத்துருச்சுன்னு அர்த்தம்."

தம்பி பெண்டாட்டி குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல், தெரியாததைக் கேட்கிறவள் மாதிரிக் கேட்டாள்.

"அன்னிக்கும் நல்லதுன்னுதானே அண்ணி சொன்னீங்க?"

அக்காக்காரி வாயைத் திறந்தாள். இந்தத் தடவை அப்படி இல்லை என்று சொல்ல வந்தாள். துண்டை முழுசாக அரைத்துப் போட்டோம், நாள் கடத்திப் பார்த்தோம், மூன்று பேர் பார்த்தோம் என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. எதைச் சொன்னாலும் அன்றைக்கு ஓடி வந்து சொன்ன குரலில்தான் வரும் என்று பட்டது. பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆமா, சொன்னேன்" என்றாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா."

இரண்டு பேரும் எழுந்து உள்ளே போனார்கள். ஆளுக்கொரு பக்கமாக நின்று, அவன் நெற்றியிலும் கழுத்திலும் கையை வைத்துப் பார்த்தார்கள். சூடு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வைத்துப் பார்த்தார்கள்.